ஐரோப்பாவின் சோபாக்கள்

2025 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிட்டனில் எங்கள் வீடு. மத்தியானச் சாப்பாடு முடிந்து, மேசையைத் துடைத்துவிட்டு, ஐரோப்பா வரைபடத்தை விரித்தேன். இந்தக் காலத்தில் எல்லாம் தொலைபேசியில் பார்க்கலாம்தான். ஆனாலும் மடிப்புகள் கிழிந்துபோன அந்த வரைபடத்தை விரித்தால்தான் எனக்குக் கோடை விடுமுறை தொடங்கியது மாதிரி இருக்கும். பென்சிலை எடுத்து ஐந்து வட்டம் போட்டேன். பாரிஸில் மாமி வீடு. பேர்னில் சித்தப்பா வீடு. ஸ்ருட்கார்ட்டில் பெரியம்மாவின் மகன் வீடு. ஜேர்மனியின் ஹம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோயில். அங்கிருந்து அரை மணித்தியால ஓட்டத்தில் மனைவியின் ஒன்றுவிட்ட அக்கா வீடு. வட்டங்களைக் கோடு போட்டு இணைத்தால் எங்கள் விடுமுறை ரெடி. பதினாறு வயது மகள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஒன்று கேட்டாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அப்பா, நாங்கள் ஐரோப்பாவைப் பார்க்கப் போறமா, ஐரோப்பாவில இருக்கிற சோபாக்களைப் பார்க்கப் போறமா?"

அவளுடைய தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. "உந்தச் சோபாக்களின்ர அருமை உனக்குத் தெரியாது" என்று தொடங்கிக் கால் மணித்தியாலம் கதைத்தேன். அவள் பாவம், கடைசிவரைக்கும் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. வேலைக்குப் போகிற ரயிலில் இருந்து எண்ணிப் பார்த்தேன். சுவிஸுக்கு மூன்று தரம் போயிருக்கிறோம். பிள்ளைகள் ஒரு மலையிலும் கால் வைத்ததில்லை. பாரிஸுக்கு நாலு தரம். ஈபிள் கோபுரத்தைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தோம், இறங்கினால் பார்க்கிங் இல்லை, மாமி வேறு சோற்றோடு பார்த்துக்கொண்டு இருக்கிறா என்று திரும்பிவிட்டோம். பாரிஸ் என்றால் பிள்ளைகளுக்கு மாமி வீட்டுச் சோபாவின் பிளாஸ்டிக் உறைதான். வெயில் காலத்தில் அதிலிருந்து எழும்பினால் தொடையைத் தோலோடு உரித்து எடுப்பது போல ஒரு சத்தம் வரும். பேர்ன் என்றால் நடுவில் பள்ளம் விழுந்த மண்ணிறச் சோபா. இரண்டு பேர் படுத்தால் விடிய எழும்பும்போது இரண்டு பேரும் அந்தப் பள்ளத்துக்குள்தான் கிடப்பார்கள்.

அந்தப் பள்ளத்தில் எனக்கும் பங்குண்டு. சித்தப்பா 1986இல் சுவிஸுக்கு வந்தவர். அந்தக் காலத்தில் வந்த எங்கள் ஆட்கள் பலரையும் போல உணவகக் குசினியில் கோப்பை கழுவித் தொடங்கியவர். என்னை நாட்டிலிருந்து எடுப்பித்த காசில் பாதி அவருடையது. 2001இல், அகதிகளுக்குக் கொடுக்கும் அந்த நீலப் பயணப் பத்திரத்தோடு முதல் தரம் அவரைப் பார்க்கப் போனேன். அப்போது அவருக்கு ஓர் அறை வீடு. எனக்குச் சோபாவைத் தந்துவிட்டுத் தான் குசினி நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்தார். விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் போகும்போது என்னை எழுப்பக்கூடாது என்று சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, கதவைத் தாண்டி வெளியே போய்த்தான் போடுவார். நான் நித்திரை மாதிரிக் கிடந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் பதினாறு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? சொன்னாலும், அதற்காக அவள் ஏன் போகிற ஒவ்வொரு தரமும் அந்தப் பள்ளத்தில் படுக்கவேண்டும் என்ற கேள்விக்கு அது பதிலா?

இன்னொரு காரணமும் என்னிடம் இருந்தது. அப்பா. "சொந்தக்காரர் இருக்கிற ஊரில காசு குடுத்துப் படுக்கிறதோ?" என்பது அவருடைய சட்டம். நாலு வருடத்துக்கு முந்தி அவர் போய்விட்டார். சட்டம் மட்டும் இருக்கிறது. அதை நான் அம்மாவுக்காகத்தான் காப்பாற்றி வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுபத்துநாலு வயது. அவவுக்கு மலையா, வாவியா, சொந்தபந்தத்தின் முகத்தைப் பார்த்தால் காணும் என்பது எங்கள் எல்லோருடைய முடிவு. அவவிடம் கேட்டு எடுத்த முடிவு இல்லை.

சித்தப்பாவைச் சுற்றி ஒரு வழி

யூன் மாதம் பிறந்தபோது நான் களவாக வட்டங்களை அழிக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு தரம், ஒரே ஒரு தரம், ஒரு சொந்தக்காரர் வீட்டிலும் தங்காமல் போய் வரலாம் என்று மனைவியிடம் சொன்னபோது அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களால ஏலாது" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே உட்கார்ந்து திட்டம் போட்டேன். இங்கிலாந்துக் கரையில் ஃபோக்ஸ்டனில் காரைக் கடலடிச் சுரங்க ரயிலில் ஏற்றினால் முப்பத்தைந்து நிமிடத்தில் பிரான்ஸின் கலே. அன்றிரவு ரைம்ஸில் தங்கல். அடுத்த நாள் ஸ்ராஸ்பூர்க். பிறகு பாசல் எல்லையால் சுவிஸுக்குள் போய், பிறியன்ஸ் வாவிக் கரையில் நாலு நாள். பனிக்கட்டி ஆறுகள் அரைத்துக்கொண்டு வருகிற கல்மா கலந்து, வெளிர் நீலமும் பச்சையுமாய் நிற்கிற வாவி அது. சித்தப்பா வீட்டு நாட்காட்டியில் இரண்டு வருடம் தொங்கியிருக்கிறது.

பிரச்சினை பாசலுக்கு அப்பால்தான். பாசலிலிருந்து இன்ரலாக்கன் பக்கம் போகிற நேர் வழி பேர்ன் நகரத்துக்குள்ளால் போகிறது. பேர்னைத் தொட்டுக்கொண்டு என்று சொல்லவில்லை. மோட்டர்வேயிலிருந்து எட்டிப் பார்த்தால் சித்தப்பாவின் மாடிக் கட்டடம் தெரியும். மத்தியானம் பன்னிரண்டரைக்கு அந்த வழியால், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நூறு கிலோமீற்றர் வேகத்தில் தாண்டிப் போகிற நெஞ்சுரம் எனக்கு இல்லை. வரைபடத்தைத் திரும்ப விரித்துத் தேடியதில் லுசேர்ன் பக்கத்தால் ஒரு வழி அகப்பட்டது. ஆயிரத்தெட்டு மீற்றர் உயரத்தில் புறூனிக் கணவாய் ஏறி இறங்கினால் நேரே பிறியன்ஸ். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வளைவுகள் கூட. அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது, ஒரு மனிதரின் கண்ணில் படாமல் இருப்பதற்காக அல்ப்ஸ் மலையின் ஒரு கணவாயைக் கடக்கத் திட்டம் போடுகிற ஆளாக நான் ஆகியிருக்கிறேன் என்று.

எந்த நாள் புறப்படுவது என்பதும் சின்ன விஷயம் இல்லை. பிரெஞ்சுக்காரரில் ஒரு பாதி யூலையில் விடுமுறை எடுக்கும், மறு பாதி ஓகஸ்டில் எடுக்கும். யூலைக்காரர் திரும்ப, ஓகஸ்ட்காரர் புறப்பட, இரண்டு கூட்டமும் ஒரே சனிக்கிழமையில் றோட்டில் சந்திக்கும். இதற்கென்றே 1976இலிருந்து பைசன் ஃபூத்தே என்று ஓர் அரச முன்னறிவிப்பு இருக்கிறது, அமெரிக்கப் பழங்குடி ஒருவரின் படத்தோடு. பச்சை, செம்மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நாட்களுக்கு நிறம் குறித்து வைப்பார்கள். ராகுகாலம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதிதா? கறுப்பு நாளில் கால் எடுத்து வைக்கக்கூடாது, அவ்வளவுதான். அம்மாவிடம் சொன்னபோது ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டா. செவ்வாய் விடிய நாலு மணி என்று குறித்தேன். "செவ்வாயோ?" என்று மட்டும் இழுத்தா. அதற்குப் பிரெஞ்சு அரசாங்கத்திடம் பதில் இல்லை.

காருக்கான வேலைகளைச் சொன்னால் இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரிந்த கதைதான். முன்விளக்கின் வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்காமல் ஒட்டுகிற ஸ்ரிக்கர், மடக்கு முக்கோணம், ஒளிரும் மஞ்சள் மேலங்கி. மேலங்கி டிக்கிக்குள் இருந்தால் போதாது, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். எங்கள் நம்பர்த் தகட்டில் இன்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நட்சத்திர வட்டமும் ஜிபி என்ற எழுத்தும் இருப்பதால், 2021 செப்ரெம்பரிலிருந்து வந்த சட்டப்படி பின்னால் யூகே என்று தனியாக ஒட்டவேண்டும். சுவிஸ் மோட்டர்வேக்கு நாற்பது பிராங். ஒரு நாள் ஓடினாலும் நாற்பது, பதினாலு மாதம் ஓடினாலும் நாற்பது. முந்தி அதற்கான ஸ்ரிக்கரைக் கண்ணாடியில் ஒட்டுவோம். 2023 ஓகஸ்டிலிருந்து நம்பர்த் தகட்டோடு இணைத்து இணையத்திலேயே கட்டலாம். ஆனால் பிரெஞ்சு சுங்கச்சாவடிக்கு மட்டும் எந்த ஆயத்தமும் உதவாது. எங்கள் ஸ்ரியறிங் வலப்பக்கம், அவர்களின் பெட்டி இடப்பக்கம். ரிக்கெற் எடுப்பது, காட் வைப்பது, பின்னால் ஹோர்ண் அடிக்கிறவனிடம் பேச்சு வாங்குவது எல்லாம் பக்கத்து இருக்கையில் இருக்கிற மனைவியின் வேலை. இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் நாங்கள் பட்ட சண்டைகளில் கணிசமானவை கலேக்கும் ரைம்ஸுக்கும் இடையில் நடந்தவை.

காணி உறுதியும் கடவுச்சீட்டும்

யூன் கடைசியில் எல்லோருடைய கடவுச்சீட்டையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். அம்மாவுடையது 2026 பெப்ரவரி வரைக்கும் செல்லும். பிரச்சினை இல்லை என்று மூடப்போனவன், ஏதோ ஞாபகத்தில் முன்பக்கத் திகதியைப் பார்த்தேன். 2015 யூன் 16. வயிற்றில் புளியைக் கரைத்தது. முந்தி பிரிட்டன் பழைய கடவுச்சீட்டில் மிச்சமிருந்த மாதங்களைப் புதியதில் சேர்த்துக் கொடுக்கும். 2018இல்தான் அதை நிறுத்தினார்கள். அதனால் அம்மாவின் புத்தகத்துக்குப் பத்து வருடமும் எட்டு மாதமும் ஆயுள். ஆனால் பிரான்ஸும் சுவிஸும் சேர்ந்த ஷெங்கன் நாடுகளுக்குள் நுழைகிற அன்று புத்தகம் கொடுத்துப் பத்து வருடம் தாண்டியிருக்கக்கூடாது. அதாவது பிரிட்டனுக்கு உயிரோடு இருக்கிற கடவுச்சீட்டு பிரான்ஸுக்குப் பத்து நாளைக்கு முந்தியே செத்துவிட்டது. பிரெஞ்சுக் காவல் ஃபோக்ஸ்டனிலேயே, ரயில் ஏறுவதற்கு முந்தியே இருக்கிறது. விடிய ஐந்தரை மணிக்கு அங்கே போய் நின்று, அம்மாவை ஆர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று யோசித்துப் பார்த்தேன். உடனே விண்ணப்பம் போட்டோம். மூன்று கிழமை ஆகலாம் என்று இருந்தது. பன்னிரண்டாம் நாள் வந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் தபால்காரன் போகும் சத்தத்துக்கு நான் மாடியிலிருந்து இறங்கி ஓடுவேன்.

புதுப் புத்தகம் வந்த அன்று அம்மா தன்னுடைய பொலித்தீன் பையை எடுத்து வந்தா. அவவுக்குப் பயண ஆயத்தம் என்றால் முதலில் அந்தப் பைதான். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் முழுக்க வெளிக்கிட்டபோது, மழைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த பைக்குப் பிறகு இது எத்தனையாவது பை என்று தெரியாது. உள்ளே இருப்பவை மாறவில்லை. பிறப்புச் சான்றிதழ்கள், கலியாண எழுத்து, அப்பாவின் ஓய்வூதியக் கடிதம், காணி உறுதி. அதற்குள் புதுக் கடவுச்சீட்டையும் வைத்துக் கட்டினா. "காணி உறுதி சுவிஸுக்கு என்னத்துக்கம்மா?" என்று கேட்டேன். "வீட்டில ஒருத்தரும் இல்லையெல்லே" என்றா. வருடா வருடம் நான் கேட்பதும் இதுதான், அவ சொல்வதும் இதுதான். எங்கள் வளவின் உறுதிதான் எங்கள் குடும்பத்தில் ஆகக் கூடுதலாக ஐரோப்பாச் சுற்றுலா போனது.

தூள் வறுத்த நாள்

சாப்பாட்டு விஷயம் தனி. ஒருகாலத்தில் நாங்கள் புறப்படுவதற்கு முதல் நாள் வீடு கலியாண வீடு மாதிரி இருக்கும். ஆட்டிறைச்சி றோல்ஸ் ஐம்பது, கோழிப்பொரியல் ஒரு சட்டி, பிள்ளைகளுக்குத் தயிர். பிரிட்டன் விலகிய பிறகு, 2021 தொடக்கத்திலிருந்து, இறைச்சியும் பாற்பொருளும் கொண்டு கலேக்குள் போகக்கூடாது. பதிலுக்கு, 2025 ஏப்ரல் 12இலிருந்து, மாடுகளுக்கு வருகிற கோமாரி நோய்க்குப் பயந்து, திரும்பி வரும்போது அங்கிருந்து ஒரு துண்டு சீஸ்கூடக் கொண்டுவரக்கூடாது. மீனுக்குத் தடை இல்லை. ஆனால் கறிவேப்பிலை இல்லை, ஏனென்றால் பச்சை இலை, காய், பழம் எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டுமாம். சான்றிதழ் தேவையில்லாத பழங்களின் பட்டியலைத் தேடி வாசித்தபோது சிரிப்பு வந்தது: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டூரியான். ஐரோப்பிய ஒன்றியம் அர்ச்சனைத் தட்டுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்திருக்கிறது. டூரியானை ஏன் சேர்த்தார்கள் என்பது தெய்வத்துக்குத்தான் வெளிச்சம்.

ஆக, இந்த முறை கொண்டுபோக அம்மாவுக்கு மிஞ்சியது மிளகாய்த்தூள் ஒன்றுதான். யூலை நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை வறுக்கத் தொடங்கினா. மல்லியைத் தனியாக, பெருஞ்சீரகத்தைத் தனியாக, மிளகு, நற்சீரகம், வெந்தயம், கடைசியில் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும். புகை எச்சரிக்கைக் கருவி இரண்டு தரம் அலறியது. நான் கதிரையில் ஏறி அதற்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டு, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தும்மலுக்கு நடுவில், கேட்கிறதா வேண்டாமா என்று நின்றேன். ஒளித்து வைக்க இனி நாள் இல்லை. இந்த முறை ஒருத்தர் வீட்டிலும் தங்கவில்லை, ஹோட்டல் பதிந்திருக்கிறேன், வேண்டுமென்றால் அம்மாவுக்காகச் சித்தப்பா வீட்டில் மட்டும் இரண்டு நாள் நிற்கலாம் என்று அவசரமாகச் சொல்லி முடித்தேன்.

அம்மா அகப்பையை நிறுத்தவில்லை. தாச்சியைப் பார்த்துக்கொண்டே, "எனக்காகவோ?" என்றா.

"ஓம், உங்களுக்கு அவையளைப் பார்க்காமல்..."

"நான் எப்ப கேட்டனான்?"

எனக்கு வாய் வரவில்லை. அவ அடுப்பைக் குறைத்தா. "கொப்பாவுக்கு விருப்பம். அவர் போனா முன்னுக்கு இருந்து ஊர்க்கதை கதைப்பார். தேத்தண்ணி வரும், வடை வரும். நான் எங்க இருந்தனான்? போன வீடெல்லாம் குசினிக்குள்ளதானே நிண்டனான். அந்தப் பிள்ளையள் வேலையால களைச்சு வருங்கள், பத்துப் பேருக்குச் சமைக்கோணும், நான் சும்மா இருக்கேலுமே? பாரிஸில வெங்காயம் உரிச்சன், பேர்னில வெங்காயம் உரிச்சன், ஜேர்மனியில வெங்காயம் உரிச்சன்." மிளகாயை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுச் சொன்னா: "எனக்கும் ஒரு நாளைக்குக் கதவைப் பூட்டிப்போட்டுப் படுக்க விருப்பம், ராசா. விடிய எழும்பினா ஆரோ ஒராள் தேத்தண்ணி கொண்டந்து வைக்கோணும். நான் எழும்பிக் கோப்பை கழுவக்கூடாது. அப்பிடி ஒரு இடத்தில என்னை ஒரு இரவு விடு. மற்றதெல்லாம் உன்ரை விருப்பம்."

சொல்லிவிட்டுத் தாச்சியை இறக்கினா. புகையால் கண் எரிகிறது என்று நான் வெளியே போய்விட்டேன்.

அன்றிரவு தொலைபேசியில் பழைய படங்களைத் தட்டிப் பார்த்தேன். 2017, பேர்ன், சித்தப்பாவின் பல்கனி: அப்பா, சித்தப்பா, நான், பிள்ளைகள். அம்மா இல்லை. 2019, பாரிஸ், லா சப்பலில் பிள்ளையார் கோயில் வாசல்: எல்லோரும் நிற்கிறோம், அம்மா இல்லை, மாமியோடு வீட்டில் நின்று சமைத்துவிட்டுப் பின்னேரம் வருகிறேன் என்றவ. ஒருமுறை சித்தப்பா எங்களை ஷஃப்ஹவுஸன் நீர்வீழ்ச்சி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். பதினெட்டுப் படம் எடுத்திருக்கிறேன். இருபத்துமூன்று மீற்றரிலிருந்து ரைன் ஆறு விழுகிற நுரைக்கு முன்னால் நாங்கள் மாறி மாறி நிற்கிறோம். அன்றைக்கு அம்மா "எனக்குக் கால் நோகுது, நீங்கள் போட்டு வாங்கோ" என்றது இப்போதும் காதில் கேட்கிறது. கால் நொந்ததா என்று இன்றுவரை கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கணவாய்க் கறியும் புட்டும் சுடச்சுட இருந்தது மட்டும் ஞாபகம். அம்மா இருக்கிற ஒரே படம், மகள் ஓடித் திரிந்து தவறுதலாகத் தட்டியது. பாதி முகம், பின்னால் ஒரு வாளி வெங்காயம்.

மகளுக்கு நான் அடித்த கால் மணித்தியாலப் பிரசங்கத்தை நினைத்துப் பார்த்தேன். சோபாவின் அருமை பற்றிச் சொன்னது எல்லாம் உண்மைதான். ஒரு சொல்லும் வாபஸ் இல்லை. ஆனால் அந்தச் சோபாவில் கால் நீட்டி இருந்தவன் நான். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போனவரும் வெங்காயம் உரித்தவவும் அதில் இருக்கவில்லை. வரைபடத்தில் வட்டம் போட்டது எல்லாம் இருந்தவர்கள்.

பேர்னுக்கு ஒரு தொலைபேசி

சித்தப்பாவுக்குச் சொல்வதை மூன்று நாள் தள்ளிப் போட்டேன். கடைசியில் அவரே எடுத்தார். "எப்ப வாறியள்? மீன்காரனிட்டச் சொல்லி வைக்கோணும்" என்றார். நான் சுற்றி வளைத்து, அம்மாவுக்குக் கனநேரம் காரில் இருக்கக் கஷ்டம், பிள்ளைகளுக்கு மலை பார்க்க ஆசை, அதனால் நேரே பிறியன்ஸுக்குப் போய் ஹோட்டலில் நிற்கிறோம் என்று சொன்னேன்.

"அதுக்கு இஞ்சாலதானே வரவேணும்?"

"இல்லைச் சித்தப்பா, லுசேர்னால வாறம்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "புறூனிக்காலயோ?" என்றார். "அது சுத்திப் போற றோட்டெல்லே." முப்பத்தொன்பது வருடம் அந்த நாட்டில் இருக்கிற மனிதர். ஒரு காரும் காரணமில்லாமல் அந்தக் கணவாயைச் சுற்றி வராது என்பது அவருக்குத் தெரியும். எனக்குக் காது சுட்டது. சரி, எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிடுவோம் என்று, அம்மா தாச்சிக்கு முன்னால் சொன்னதை அப்படியே சொன்னேன். வெங்காயக் கதையையும் சொன்னேன்.

அவர் சிரிப்பார் என்றோ கோபிப்பார் என்றோதான் நினைத்தேன். "என்ன ஹோட்டல்?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். "தண்ணிக் கரையில நிக்கிறது, பச்சை ஜன்னல்" என்றார். "தெரியும். ஊரில இருந்து, லண்டனில இருந்து, கனடாவில இருந்து வந்த அவ்வளவு பேரையும் நான் அந்தக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறன். காட்டிப்போட்டு, ஐஸ்கிறீம் வாங்கிக் குடுத்து, இருட்ட முன்னம் திருப்பிக் கொண்டந்திடுறது. சித்தி சமைச்சு வைச்சிருப்பா எல்லே. அந்த வாவியில விடியிறதை நான் ஒரு நாளும் பார்க்கேல்லை." பிறகு, "ஒரு இரவுக்கு எவ்வளவு எடுக்கிறான்?" என்றார். சொன்னேன். "கள்ளர்" என்றார். "சித்தியையும் கூட்டிக்கொண்டு வாறன். இன்னொரு அறை இருக்கோ எண்டு கேட்டுப் பார். காசு நான் தருவன்."

காசை அவரிடம் எப்படி வாங்காமல் விடுவது என்பது இப்போது ஒரு புதுப் பிரச்சினை. மற்றவர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்ருட்கார்ட் அண்ணாவிடம் இந்த முறை வரவில்லை என்றதும் "அப்பாடா" என்றான். அந்தக் கிழமை தாங்கள் ஸ்பெயினுக்குப் போகிறார்களாம், எங்களால் ரிக்கெற் எடுக்காமல் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். பாரிஸ் மாமிக்கு இன்னும் சொல்லவில்லை. மாமிக்குச் சொல்கிற நெஞ்சுரம் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை. ரைம்ஸ் பாரிஸிலிருந்து ஒன்றரை மணித்தியாலம்தான் என்பது அவவுக்குத் தெரியாமல் இருக்கவேண்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொள்கிறேன். இதை அவவின் பிள்ளைகள் வாசித்தால் தயவுசெய்து வாயைத் திறக்கவேண்டாம்.

இதை எழுதுகிறபோது திங்கள் இரவு பதினொரு மணி. கார் வாசலில் நிற்கிறது. சில்லுக்குக் காற்றுப் பார்த்தாயிற்று. மகள் முன்விளக்கு ஸ்ரிக்கரை இரண்டு தரம் பிழையாக ஒட்டி, மூன்றாம் தரம் சரியாக ஒட்டினாள். ஐஸ் பெட்டிக்குள் மீன் கட்லட்டும் வாழைப்பழமும். மஞ்சள் மேலங்கிகளைக் கைக்கெட்ட வைக்கலாம் என்று முன் இருக்கைக்குக் கீழே கையை விட்டபோது ஏதோ தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தேன். தூள் பக்கற்றுகள். எண்ணினால் ஐந்து. பொலித்தீனை மெழுகுதிரியில் பிடித்து ஒட்டி, வெள்ளைக் காகிதத் துண்டில் அம்மாவின் கோணல் எழுத்தில் ஒவ்வொன்றுக்கும் பெயர்: பேர்ன், பாரிஸ், ஸ்ருட்கார்ட், ஹம் அக்கா. ஐந்தாவதில் பெயர் இல்லை.

மேலே போனேன். அம்மா பொலித்தீன் பையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தா, நித்திரை இல்லை. "பாரிஸுக்குப் போகேல்லை எண்டு சொன்னனானெல்லே அம்மா, பிறகேன் தூள்?" என்றேன்.

"கிடக்கட்டும். தூள் சோறு கேட்குதே?"

"பெயர் போடாதது ஆருக்கு?"

"ஹோட்டல்காரனுக்கு." அவ பகிடி விடுகிறாவா என்று முகத்தைப் பார்த்தேன், விளங்கவில்லை. லைட்டை அணைக்கப் போனபோது கூப்பிட்டா.

"தம்பி, அவையும் வருகினமெண்டால் மொத்தம் ஏழு பேரெல்லே. அந்த ஹோட்டல் அறையில குசினி இருக்கோ?"

"இல்லையம்மா."

"ஒண்டும் இல்லையோ? ஒரு சின்ன அடுப்பும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லை."

"நல்லது" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தா.